கூந்தன்குளத்தில் சோடி மாறாத பறவைகள்

பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் கூந்தன்குளம். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்துவந்தது அதற்கு வெகு முன்பே. தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. வீட்டு மரங்களிலேயே நாரை கூடு கட்டுகிறது. அடியில் தரையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம். மீன் வாடை பழகக் கொஞ்ச நேரமாகும்.

கருவேல மரத்தில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை சுள்ளியோடு வந்து இறங்கியது. துணை அதை வாங்கிச் செருகி, பிடிக்காமல் உருவி, மறுபடி வேறு பக்கம் செருகியது. அதற்குள் பக்கத்துக் கூட்டுக்காரர் கழுத்தை நீட்டி இன்னொரு சுள்ளியை உருவிக்கொண்டார்.

“சுள்ளியத்தான் களவாங்கும் தம்பி, சோடி மாத்தாது” என்றார் அருகில் நின்ற அண்ணாச்சி.

நாரை இருக்கட்டும். அவர் வீட்டு ஓட்டு இடுக்கில் கத்திக்கொண்டிருந்த சிட்டுக்குருவிக்கு இந்த நற்சான்று செல்லாது. 1987-இல் இங்கிலாந்தில் குருவிகளுக்கு டிஎன்ஏ ரேகை எடுத்தபோதே, இரை ஊட்டும் அப்பனும் பெற்ற அப்பனும் ஒருவரல்லாத குஞ்சு சிக்கியது. சோடியாகக் குடும்பம் நடத்தும் இனங்களில் சராசரியாக 100 குஞ்சுக்கு 11 இப்படி என்கிறது 2002-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு.

ஆணுக்கு என்ன லாபம் என்பது சட்டென்று புரிகிறது: வளர்க்கும் பாடில்லாமல் வாரிசு. பெண்ணுக்கு? நல்ல மரபணு தேடிப் போகிறது என்பார்கள். வியன்னா பக்கத்து நீலப் பட்டாணிக்குருவிகளில் அது ஓரளவு பொருந்தியது. வெளி ஆணுக்குப் பிறந்தவற்றில், தாய் வழி வந்த மரபணுவுக்கும் தகப்பன் வழி வந்ததற்கும் வேறுபாடு அதிகம். அப்படிப்பட்டவை பிழைக்கும் வாய்ப்பும் அதிகம் என்று 2003-இல் எழுதினார்கள். ஆனால் கனடாவின் மாண்டார்ட் தீவில் ஒருவகைச் சிட்டுகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தால் கதை தலைகீழ். வெளி ஆணுக்குப் பிறந்த பெண் குஞ்சுகள், கூடப் பிறந்தவற்றைவிடக் குறைவாகவே தேறின.

எனக்குப் பிடித்தது மூன்றாவது விளக்கம். கூண்டில் வளர்த்த ஜீப்ரா ஃபிஞ்ச் பறவைகளில் 2011-இல் பார்த்தது: பல இடம் நாடும் ஆணின் மரபணு மகளுக்கும் இறங்குகிறது. மகளுக்கு லாபமே இல்லாவிட்டாலும், மகன்களுக்கு லாபம் இருக்கும்வரை அந்தக் குணம் வம்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ‘நல்ல மரபணு’ கதையைவிட இதில் அலங்காரம் குறைவு.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னதும், “அப்பன் புத்தி மவளுக்கு வராதா பின்னே?” என்றுவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

போகிறவர்கள் ஜனவரிக்கு மேல், காலையிலேயே போய்விடுங்கள். தொப்பி கட்டாயம், வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை.