மொய் நோட்டில் ஒரு தோட்டம்

பிப்ரவரி 13, 2025, வியாழன்

விடுதித் தோழியின் கல்யாணத்துக்குப் பயணம். திருச்சியில் ஏறினால் கோலாலம்பூர் நான்கு மணி நேரம். அங்கிருந்து ஈப்போ ரயிலைப் பிடித்து, தோழியின் தம்பி வந்து காரில் ஏற்றிக்கொண்டு வீடு சேர்ப்பதற்குள் மறுபடியும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிட்டது. அவள் ஊர் சுங்கை சிப்புட். மலாயில் நத்தை ஆறு என்று பொருள். தம்பி கார் ஓட்டிய வேகத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

வழியில் ஒரு தமிழ்ப்பள்ளியைக் காட்டினான். மகாத்மா காந்தி கலாசாலை. இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் சம்பந்தன் முயற்சியில் உருவாகி, 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தது. தோழியும் அங்கேதான் படித்தாள். சென்னை விடுதியில் எங்கள் எல்லோரையும்விட அவள் தமிழில் பிழை குறைவாக இருந்ததன் காரணம் இன்றுதான் புரிந்தது.

விடுதியில் ஐந்து ஆண்டுகளும் அவளுக்குப் பெயர் ‘மலேசியா’. வாசலில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் “ஏய் மலேசியா!” என்று கத்திவிட்டேன். கூடாரத்துக்குக் கம்பி நட்டுக்கொண்டிருந்த நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலை ஏழு மணிக்கு எழுந்தேன். வெளியே இருட்டு. கைப்பேசி இன்னும் நம்மூர் நேரத்தில் இருக்கிறதோ என்று பார்த்தால், இல்லை, சரியாகத்தான் இருக்கிறது.

அடுக்களையில் பாட்டி. வயது எண்பத்திரண்டு. நான்கு மணிக்கே எழுந்துவிடுவாராம். “உன் கடிகாரம் பொய் சொல்கிறது கண்ணு, அரை மணியைக் கழித்துக்கொள்” என்றார். கேலி என்று நினைத்தேன். தோழியின் அப்பா விளக்கினார்: கடலுக்கு அப்பால் கிழக்கே உள்ள சபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒன்றாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். பாட்டி மட்டும் தள்ளவில்லை. அவர் அறையில் உள்ள சுவர்க் கடிகாரம் இன்றைக்கும் பழைய மணிதான் காட்டுகிறது. மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாளில் இதனால் வீட்டில் சண்டை வருமாம்.

“பசியாறிவிட்டாயா அம்மா?” என்று காலையிலிருந்து ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். பசியாறுதல் என்றால் இங்கே காலை உணவு. நம் பக்கத்தில் அந்தச் சொல்லைப் புத்தகத்தில் வைத்துப் பூட்டிவிட்டோம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தேன். தோழி சாவதானமாக, “டிசம்பரிலேயே பதிவு முடிந்துவிட்டது” என்றாள். சட்டப்படி இரண்டு மாதமாகக் கணவன் மனைவி. ஆனால் அவன் கிள்ளானில், இவள் இங்கே. கோயிலில் தாலி ஏறும்வரை அந்தக் காகிதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்ததும் 1982-இல்தான், மார்ச் 1. கடிகாரத்தை மாற்றிய அதே ஆண்டு. பாட்டியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வகை.

பிப்ரவரி 15, சனி

கூடாரத்துக்குள் இன்று முப்பது பேராவது வேலை செய்தார்கள். ஒருவரையும் யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மா கத்தியைக் கையோடு கொண்டுவந்து வெங்காயத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் ஒரு கூடை வந்தது. முறுக்கு பிழிகிற அத்தை ஒருவர் ஷா ஆலமிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தவர். “எங்கள் லயத்துப் பிள்ளைக்குக் கல்யாணம்” என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசை. உறவா என்று கேட்டதற்கு, “மூன்றாம் லயம், எதிர்வீடு” என்றார். அதுதான் பதில் என்பதுபோல வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த லயத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தார்கள். ரப்பர் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, லயங்களை இடித்து இருபது ஆண்டுகளாகிவிட்டன.

மாலையில் வாழை மரங்கள் வந்து இறங்கின. இரண்டையும் வாசலில் கட்டி முடித்தபோது, ரப்பர் மரத்தில் பால் எப்படி வெட்டுவார்கள் என்று பாட்டியிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எழுந்து போய் அடுக்களைக் கத்தியோடு வந்தார்.

“இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. பாதிச் சுற்றுக்குமேல் போகக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே குனிந்து, வாழைத் தண்டில் ஒரு கோடு இழுத்தார். அரை அங்குலம்கூட ஆழமில்லை. மட்டையின் மேல்தோல் ஒரு நாடாவாகச் சுருண்டு அவர் பாதத்தில் விழுந்தது. ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அதற்குக் குறுக்கே இப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். காயம் ஆறி அந்த இடம் முடிச்சாகிவிடும், அப்புறம் அங்கே வெட்ட முடியாது. “கங்காணி காயத்தை எண்ணுவான்” என்றார். விடியலுக்கு முன் வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது மட்டுப்படும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. மாசியில் மரம் இலை கொட்டும், பாலும் குறையும்.

இதற்குள் தோழியின் அம்மா பார்த்துவிட்டார். கல்யாண வாசலில் வாழையை வெட்டுவதா என்று ஒரே கூச்சல். பாட்டி கத்தியைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வெட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னார். கட்டிய மரத்தை எப்படித் திருப்புவது? மேலே ஒரு தோரணத்தை இழுத்து மறைத்தோம்.

நலங்கு முடிய இரவு பதினொன்று. பழைய மணியில் பத்தரை.

பிப்ரவரி 16, ஞாயிறு (எழுதும்போது திங்கள் பிறந்துவிட்டது)

தாலி கட்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலில். ஊரிலிருந்து கால்மணி நேரம், கடைசிப் பகுதி செம்மண் பாதை. இருபுறமும் செம்பனை, ஓலைகள் மேலே கூடிக்கொண்டு பட்டப்பகலில் அரையிருள். வழியெல்லாம் உதிர்ந்த பழங்கள். திடீரென்று ஒரு வெட்டவெளி, கோபுரம், ஒரு பெரிய அரசமரம், அறுபது எழுபது கார்கள். வீடு என்று ஒன்றுகூட இல்லை. பட்டுப்புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிப் பிடித்தபடி பெண்கள் சேற்றைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாயன்று தைப்பூசம் முடிந்திருந்ததால் ஆண்களில் பாதிப் பேருக்கு மொட்டைத் தலை. ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுத்தவர்கள். புகைப்படக்காரர் பாவம், எல்லாத் தலையும் பளபளக்கிறது என்று தவித்தார்.

பாட்டி மேடைப் பக்கம் போகவேயில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலின் பின்புறம் வந்து, செம்பனை வரிசைக்குள் கையை நீட்டி, “அது முதல் லயம், அது குழாயடி, அது எங்கள் வீடு” என்று காட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மரங்கள்தாம். 1948-இல் அவருக்கு ஐந்து வயது. ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, அது பன்னிரண்டு ஆண்டு நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி. வேலைக்காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துப்போகக் கூடாது, அது காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். “வாசலில் சிப்பாய் அம்மாவின் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பான்” என்றார். கெட்டிமேளம் அப்போதுதான் ஒலித்தது. இருவருமே தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. தோழி என்னை மன்னிக்க நாளாகும்.

இரவு விருந்து டவுன் மண்டபத்தில். நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல், டால்சா. அறிவிப்பாளர் பேசிக்கொண்டே இருந்தார். கேக் வெட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததைத்தான் எழுத வேண்டும். சாப்பாட்டு மேசையில் மாமாக்கள் மூவர், நடுவில் மொய் உறைகள். கையெழுத்து நன்றாக இருப்பதாக யாரோ சொல்லி, நோட்டு என் முன்னால் வந்தது. நான் ஆலங்குடிப் பெண். எங்கள் பக்கம் மொய் என்பது வட்டியில்லாக் கடன். அதற்கென்றே பந்தல் போட்டு மொய் விருந்து வைப்போம், ஓர் எழுத்துப் பிசகினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால் உறையில் இருந்ததை அப்படியே எழுதத் தொடங்கினேன்: பெயர், கிள்ளானில் ஒரு தாமான் (குடியிருப்பு), தெரு எண்.

“அதெல்லாம் வேண்டாம்” என்றார் பெரிய மாமா. “இரண்டாம் டிவிஷன், ஐந்தாம் லயம் என்று எழுது.”

“இவர் கிள்ளானில் அல்லவா இருக்கிறார்?”

“இருக்கட்டும்.”

டிவிஷன் என்பது பழைய தோட்டத்தின் ஒரு பிரிவு. ஜோகூரிலிருந்து வந்தவர் ‘ஸ்டோர் பக்கம்’ ஆனார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருப்பவர் ‘முதல் டிவிஷன், கிராணியார் வீடு’. கிராணியார் என்றால் தோட்டத்து எழுத்தர். சரிபார்க்கத் தோழியின் பெற்றோர் கல்யாணத்து நோட்டையும் எடுத்தார்கள். 1994. ஓரம் கறையான் தின்றது. முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், ஸ்டோர், டவுன். அதே நான்கு தலைப்பு, அதே வரிசை. பத்து வெள்ளி (ரிங்கிட்) மட்டும் நூறாகியிருந்தது.

கடைசியில் என் உறை வந்தது. 101 வெள்ளி. மாமா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். “ஆலங்குடி… உன்னை எதில் எழுதுவது?” டவுனில் எழுதலாம் என்றேன். டவுன்காரர்கள் வெங்காயம் உரிக்க மாட்டார்கள் என்று அறையிலிருந்து பாட்டியின் குரல். தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தோம்.

“முதல் டிவிஷனில் எழுதினால் எல்லாக் கல்யாணத்துக்கும் வர வேண்டிவரும்” என்றார் மாமா. எழுதிவிட்டேன். அடுத்து என் கல்யாணம் எப்போது என்று கேட்டார். நோட்டில் அதற்கும் ஓர் ஓரம் விட்டிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஐம்பது வெள்ளி குறைந்தது. மூன்று முறை கூட்டினோம். ஒன்றரை மணிக்குச் சந்தனக் கிண்ணத்தின் அடியில் ஓர் உறை ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

பெண்ணும் மாப்பிள்ளையும் கிள்ளானுக்குக் கிளம்பிவிட்டார்கள். எனக்கு மாலை ரயில். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, போகும் வழியல்ல ஆனாலும் காட்டுகிறேன் என்று தம்பி சொல்லியிருந்தான். ஏழரைக்கு எழுந்திருந்தால் பார்த்திருக்கலாம். பத்துக்கு எழுந்தேன்.

கூடாரத்துக்காரர்கள் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தோரணத்தை அறுத்ததும் பாட்டியின் வெட்டு தெரிந்தது. வாழைச்சாறு வடிந்து, கோட்டின் கீழ்முனையிலிருந்து தரைவரை பழுப்புக் கறை. சரியாக, பால் பிடிக்கும் மங்கு வைத்திருந்தால் விழுந்திருக்கும் இடத்தில். பையன் ஒருவன் மரத்தைச் சாய்த்து லாரியில் ஏற்றினான். பாட்டி திண்ணையிலிருந்து, பின்கதவைச் சரியாகப் பூட்டச் சொல்லி அவனை அதட்டினார்.