கோல் வலைக்குப் பின்னால் நின்று எடுத்த படம், ஒருவழியாக

கிடைத்துவிட்டது! பந்து பட்டு வலை புடைத்து நிற்கிறது, பந்தின் மேலுள்ள எழுத்தைப் படிக்கலாம், பின்னால் கோல்கீப்பரின் முகமும் தெளிவாக இருக்கிறது. தெற்கு லண்டனில் டல்விச் ஹாம்லெட் என்ற சின்னக் கால்பந்து கிளப்பின் சாம்பியன் ஹில் மைதானம், இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்ஏ கோப்பையின் முதல் தகுதிச் சுற்று, இரண்டாம் பாதியில் கார்னரிலிருந்து தலையால் முட்டிப் போட்ட கோல்.

இந்தப் படத்துக்குப் பெரிய கிளப்புகளின் மைதானம் சரிப்படாது, கேமரா பையைப் பார்த்ததுமே வாசலில் நிறுத்திவிடுவார்கள். இங்கே கோலுக்குப் பின்னால் ஒரு கம்பித் தடுப்பு மட்டும்தான், அதிலிருந்து வலை மூன்று மீட்டர்கூட இருக்காது. பாதி ஆட்டம் முடிந்ததும் ஹாம்லெட் ரசிகர்கள் தங்கள் அணி தாக்கப்போகும் பக்கத்துக்குக் கூட்டமாக நடந்து போவார்கள், நானும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். கையில் பியரோடு ஆட்டம் பார்க்கவும் தகுதிச் சுற்று வரைதான் சட்டம் விடும், கோப்பையின் முதன்மைச் சுற்றுகள் தொடங்கிவிட்டால் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கக் கூடாது.

சரி, ஃபோகஸ். இத்தனை நாள் என் உயிரை எடுத்தது அதுதான். ஆட்டோஃபோகஸ் வலையைப் பிடிக்கும், உடனே விட்டுவிட்டு ஆட்டக்காரரைப் பிடிக்கும், மறுபடி வலைக்கு ஓடும், அதற்குள் கோல் விழுந்து கொண்டாட்டமே முடிந்திருக்கும். இந்த முறை ஆட்டோஃபோகஸையே அணைத்துவிட்டு, பழைய 35 மிமீ கைஃபோகஸ் லென்ஸைப் போட்டு, லென்ஸ் துளை எஃப்8, தூரம் மூன்றரை மீட்டர் என்று வைத்து, வளையம் நகராமல் டேப் ஒட்டிவிட்டேன். என் ஏபிஎஸ்-சி கேமராவில் (சென்சார் கொஞ்சம் சின்னது) கிட்டத்தட்ட இரண்டரை மீட்டரிலிருந்து ஆறு மீட்டருக்குச் சற்று மேல் வரை எல்லாம் தெளிவாக விழும், அதாவது வலையும் வரும், கோல்கோட்டில் நிற்கும் கீப்பரும் வருவார். ஆனால் பழைய லென்ஸைப் புது கேமராவில் மாட்ட மலிவு அடாப்டர் போட்டால் லென்ஸில் எழுதியிருக்கும் தூரத்தை நம்பவே கூடாது. பெரும்பாலும் அடாப்டரைக் கொஞ்சம் குட்டையாகவே செய்கிறார்கள், அதனால் மூன்றரை என்று காட்டும் இடத்தில் ஃபோகஸ் எங்கோ தள்ளி விழும். வீட்டுக் கூடத்தில் அளவு டேப்பை விரித்து, செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, வளையத்தில் நானே பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன்.

ஷட்டர் 1/1000 நொடி, மேகமூட்டம் என்பதால் ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், 3200. எலக்ட்ரானிக் ஷட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், அது படத்தை வரிவரியாகப் பதிவதால் வேகமாக வரும் பந்து முட்டை மாதிரி நீண்டுவிடுகிறது. மெக்கானிக்கலில் சத்தம் வருமே என்று யோசிப்பவர்களுக்கு: கார்னர் என்றதும் பக்கத்தில் நின்ற பெரியவர் சாவிக்கொத்தை எடுத்து அப்படிக் குலுக்கினார், ஷட்டர் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

லென்ஸ் பழைய கேமரா விற்கும் கடையில் வாங்கியது. பல புது லென்ஸ்களில் தூர அளவையே எடுத்துவிட்டார்கள், எந்தப் புண்ணியவானின் யோசனையோ. பழையதாகத் தேடுகிறவர்கள் வளையம் இறுக்கமாகச் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள், கண்ணாடியில் இரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை.

மைதானத்துக்குப் போகும் தெருவுக்கே எட்கர் கெயில் வே என்று பெயர். ஹாம்லெட்டுக்கு ஆடிக்கொண்டே 1929ல் இங்கிலாந்து அணிக்கும் ஆடியவர் அவர். 1948 ஒலிம்பிக்கில் கொரியா மெக்சிகோவை 5-3 என்று வென்றதும் சாம்பியன் ஹில்லில்தான், ஆனால் இப்போதுள்ள கட்டடம் 1992ல் எழுப்பியது. அதே ஒலிம்பிக்கில் இந்திய அணியில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு, பிரான்சிடம் 2-1 என்று தோற்றது இல்ஃபோர்டில். ஒரே கோல் சாரங்கபாணி ராமன் போட்டது. அடுத்து அந்தப் பக்கம்தான் போக வேண்டும், சின்னக் கிளப்புகளுக்கான எஃப்ஏ வேஸ் கோப்பை ஆட்டம் ஏதாவது அமைந்தால் நல்லது.

அதற்கு முன் இந்தப் படத்தை ஒழுங்குபடுத்தும் வேலை அப்படியே கிடக்கிறது, ஐஎஸ்ஓ 3200ல் கீப்பரின் கறுப்புச் சட்டை முழுக்கப் புள்ளி. அப்புறம் வாரநாள் இரவு ஆட்டம். இங்கே விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்குகிறது, 1/1000ல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு. 1/100க்கு இறங்கினால் மினுக்கல் போகும், பந்து வெறும் கோடாகிவிடும். இரவு விளக்கில் கோல் எடுத்துப் பார்த்தவர்கள் ஷட்டர் எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.