குலசேகரத்தில் அம்மாவுக்கு வந்த உண்ணிக் காய்ச்சல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைப்போம். அம்மாவுக்கு வந்தபோதும் அப்படித்தான். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை என்றார்கள். ஆனால் காய்ச்சலும் தலைவலியும் விடவில்லை. முதலில் காட்டிய தனியார் மருத்துவமனையில் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர், "அம்மா, ரப்பர் தோட்டத்துல புல்லறுக்கப் போவீங்களா?" என்று கேட்டார். வாராவாரம் போவார். உடனே நர்ஸ் அக்கா திரையை இழுத்துவிட்டு உடம்பு முழுக்கப் பார்த்தார். அக்குளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலியோ அரிப்போ இல்லாததால் அம்மாவுக்கே தெரியவில்லை. இதுதான் உண்ணிக் காய்ச்சல், டாக்டர்கள் சொல்லும் ஸ்க்ரப் டைபஸ். ரத்தச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கும் என்றார்கள், இறங்கியது. எல்லோருக்கும் இந்தப் பொருக்கு இருக்காதாம். ஆனால் சிகிச்சை தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் தோட்ட வேலையை நாமே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி லைம் நோயோ என்று பயந்தான். அது அங்கே மான் உண்ணி கடித்து வருவது. அம்மாவைக் கடித்தது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. எலி நடமாடும் புதர்களில் இருக்கும். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. அக்கம்பக்கத்தார் வீட்டுக்கு வரத் தயங்கியபோது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்புறம் அவர்களே வெட்டுகத்தியோடு வந்தார்கள். வீடுகளைச் சுற்றிப் புதரை வெட்டினோம், எலி அண்டும் விறகுக் குவியலைத் தள்ளி அடுக்கினோம். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இப்போது முழுக்கைச் சட்டையும் பூட்ஸும் போடுகிறார்கள். வந்ததும் குளியல், உடுப்பு வெந்நீரில். துணியைப் புல்லில் காயப்போடுவதை நிறுத்த மட்டும் வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது.

மாடு, நாய் மேலிருக்கும் பெரிய உண்ணிக்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்கினோம். அந்த உண்ணி நம் தோலில் ஒட்டினால் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, நெருப்பும் வைக்கக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கால்வாய்க் கரைப் புதர்தான் இன்னும் மிச்சம். ஜூன் மழைக்கு முன்னால் வெட்ட ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.