பிவிண்டிக்குப் போவதற்கு முன்னால் பத்து மாதம்

என் மகளுக்கு 15 வயது நிறைவதற்காக எங்கள் வீட்டில் மூன்று வருடம் காத்திருந்தோம். பன்னிரண்டு வயதில் பள்ளி நூலகத்திலிருந்து மலைக் கொரில்லாக்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். திருப்பிக் கொடுக்க மனம் வராமல் மூன்று முறை தவணை நீட்டித்தாள். "அம்மா, நாம் நேரில் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது, சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். விதிமுறைகளை அதற்குப் பிறகுதான் படித்தேன். உகாண்டாவின் பிவிண்டி தேசியப் பூங்காவில் கொரில்லாக்களைப் பார்க்கச் செல்பவருக்குக் குறைந்தது 15 வயது ஆகியிருக்க வேண்டும். நவம்பரில் அவளுக்கு வயது நிறைந்தது. டிசம்பர் இறுதியில் அந்தக் காட்டில் நின்றோம். இடைப்பட்ட ஏற்பாடுகளை இங்கே எழுதிவைக்கிறேன். எனக்கு அப்போது தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை.

பிவிண்டி உகாண்டாவின் தென்மேற்கு மூலையில், காங்கோ எல்லையை ஒட்டி இருக்கும் மலைக்காடு. பரப்பு சுமார் 330 சதுர கிலோமீட்டர். 1991இல் தேசியப் பூங்காவாகி, 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2018இல் எடுத்த கணக்குப்படி பிவிண்டியிலும் அதை ஒட்டிய காங்கோ காட்டிலும் சேர்த்து 459 மலைக் கொரில்லாக்கள் இருந்தன. உகாண்டா, ருவாண்டா, காங்கோ எல்லையில் உள்ள விருங்கா எரிமலைத் தொடரில் இருப்பவற்றையும் கூட்டினால் உலகம் முழுவதற்கும் 1,063. என் மகள் படிக்கும் பள்ளியில் அதைவிட அதிகமான பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதனால்தான் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேருக்கு மேல் பார்க்க முடியாது. அந்த எட்டுப் பேருக்கும் ஒரு மணி நேரம்தான். ஒருவருக்கான பெர்மிட் 800 டாலர். 2024 ஜூலைக்கு முன்பு 700 ஆக இருந்தது. பக்கத்து ருவாண்டாவில் இதற்கே 1,500 டாலர். இரண்டு பேருக்கு 1,600 டாலர் என்று ரூபாயில் பெருக்கிப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மாதாமாதம் கட்டிவந்த சீட்டை எடுத்து அந்தப் பணத்தைத் திரட்டினேன். என் கணவர், "மூன்றாவது பெர்மிட் வேண்டாம், நீங்கள் இருவரும் போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் வரமுடியாதது எனக்கு இன்றும் குறைதான்.

எங்கே தொடங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மற்ற பயணங்களுக்கு முதலில் விமான டிக்கெட்டைத் தேடுவோம். பிவிண்டிக்கு அது சரிவராது. பெர்மிட் எந்த நாளுக்குக் கிடைக்கிறதோ, அந்த நாளை நடுவில் வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் பின்ன வேண்டும். அங்கே மழை ஓரளவு குறைந்திருப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் அங்கே நல்ல மழைக்காலம். எங்களுக்கு அரையாண்டு விடுமுறை ஒன்றுதான் பொருந்தியது. அந்த வாரத்தில் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் வருவதால் பெர்மிட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரியிலேயே விசாரிக்கத் தொடங்கினோம்.

பெர்மிட்டுக்கும் முந்தைய படி ஒன்று இருப்பதை என் கணவர் கண்டுபிடித்தார். சிறுவர்களுக்கான பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும். மகளின் பாஸ்போர்ட் அடுத்த ஏப்ரலில் முடிவதாக இருந்தது. பயண நாளில் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்பதால் புதுப்பித்தே ஆகவேண்டும். புதுப்பித்தால் எண் மாறிவிடும். பெர்மிட்டில் பாஸ்போர்ட் எண் இருக்கும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையிலும் இருக்கும், விசாவிலும் இருக்கும். பழைய எண்ணில் பெர்மிட்டை வாங்கியிருந்தால் வரிசையாகத் திருத்தம் கேட்டு அலைந்திருப்போம். ஆகவே முதலில் பாஸ்போர்ட், பிறகு பெர்மிட், பிறகு தடுப்பூசி, பிறகு விசா என்று வைத்துக்கொண்டோம். பெர்மிட் உறுதியான மறுநாள் விமான டிக்கெட் எடுத்தோம்: மும்பையிலிருந்து அடிஸ் அபாபா வழியாக என்டெபே.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சாதாரண மருத்துவமனையில் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களுக்குத்தான் போகவேண்டும். சென்னையில் கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட் அவற்றில் ஒன்று. திருச்சியிலிருந்து இரவு ரயில் ஏறிப் போனோம். முட்டை ஒவ்வாமை உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஊசி போட்டார்கள். ஒரு குப்பி மருந்தில் பலருக்கான அளவு இருக்கும். கரைத்த பிறகு சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எனவே எந்தக் கிழமையில் போடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. அங்கே கொடுத்த மஞ்சள் அட்டை பத்து நாள் கழித்துச் செல்லுபடியாகும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். உகாண்டாவின் இணையவழி விசா விண்ணப்பத்தில் இந்த அட்டையின் படத்தையும் ஏற்ற வேண்டும். சுற்றுலா விசாவுக்கு 50 டாலர். மகள் தந்தை இல்லாமல் பயணம் செய்வதால் பிறப்புச் சான்றிதழையும் கணவரின் சம்மதக் கடிதத்தையும் கையோடு வைத்துக்கொண்டோம். யாரும் கேட்கவில்லை என்றாலும் அவை பையில் இருந்தது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

இவ்வளவு பார்த்தும் ஓர் இடத்தில் சறுக்கினோம். பிவிண்டிக்குள் நுழைய புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ என்று நான்கு பகுதிகள் உண்டு. வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். நடுவில் மலை, சாலை சுற்றிச் சுற்றிப் போகும். பெர்மிட் எந்தப் பகுதிக்கோ அந்தப் பகுதியில்தான் காலையில் போய் நிற்க வேண்டும். நவம்பர் இறுதியில் ஒரு மாலை, மகள் கூடத்துத் தரையில் வரைபடத்தை விரித்து நாங்கள் போகும் வழியைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருந்தாள். கோடு நின்றுவிட்டது. "அம்மா, பெர்மிட்டில் ருஷாகா என்று போட்டிருக்கிறது. தங்கும் விடுதி புஹோமாவில் இருக்கிறதே?" ருஷாகா காட்டின் தெற்கே, புஹோமா வடக்கே. எங்களுக்கு ஏற்பாடு செய்துகொடுத்த முகவர் இரண்டையும் ஒரே ஊர் என்று எண்ணியிருக்கிறார். அதிகாலையில் புறப்பட்டாலும் காலைக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அந்த வாரத்தில் பெர்மிட்டை மாற்ற வழியில்லை, விடுதியைத்தான் மாற்றினோம். கட்டிய முன்பணம் போனது. பெர்மிட் கையில் வந்த அன்றே நாள், பகுதி, பெயரின் எழுத்து, பாஸ்போர்ட் எண் ஆகிய நான்கையும் விரல் வைத்துப் படித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

என்டெபேயிலிருந்து காரில் போனோம். வழியில் நிலநடுக்கோட்டைத் தாண்டினோம். ம்பராராவில் ஓர் இரவு தங்கினோம். நீண்டு வளைந்த கொம்புகளுடைய அங்கோலே மாடுகள் சாலையோரம் மேய்ந்தன. சைவச் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை: வேகவைத்து மசித்த வாழைக்காய், அவரை வகைக் குழம்பு, நிலக்கடலைக் குழம்பு, எங்கும் சப்பாத்தி. கபாலேயைத் தாண்டியதும் மலைச்சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய வயல்கள். அந்த வயல்கள் முடியும் கோட்டிலேயே காடு தொடங்கிவிடுகிறது. நடுவில் வெற்றிடம் என்று எதுவும் இல்லை. ஒரு பெண் கிழங்கு தோண்டும் இடத்திலிருந்து பத்தடியில் மரங்கள் சுவர் போல நின்றன.

காலை எட்டு மணிக்கு முன்பே ருஷாகாவில் கூடினோம். சளி, இருமல், காய்ச்சல் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார் வனக்காவலர். மனிதரின் சளி கொரில்லாவுக்குத் தொற்றினால் ஒரு குடும்பமே அழியக்கூடும். எங்கள் குழுவில் இருந்த முதியவர் ஒருவர் மெதுவாகக் கையை உயர்த்தினார். நேற்றிலிருந்து இருமல் என்றார். அவருடைய மனைவி அவர் தோளைத் தொட்டுவிட்டு எங்களோடு வந்தார். எத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்தவர் அவர்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சுமை தூக்க உள்ளூர் ஆள் வேண்டுமா என்று கேட்பார்கள். கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள கிராமத்து இளைஞர்களுக்கு அது ஒரு நாள் கூலி. காட்டைக் காப்பதில் அவர்களுக்கு இப்படியும் பங்கு வருகிறது. 1991இல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பட்வா மக்கள் இழப்பீடு இல்லாமல் வெளியேற்றப்பட்டார்கள் என்பதையும் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகவேண்டும். எங்கள் பையைச் சுமந்த பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. வழுக்கும் இடங்களில் என் மணிக்கட்டைப் பிடித்து ஏற்றிவிட்டாள். நான் காஞ்சொறியைப் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டு, தன் கையுறையைக் கழற்றித் தந்தாள். தோட்டவேலைக்கான தடித்த கையுறை இரண்டு ஜோடி எடுத்துச் செல்லுங்கள். பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். சாரை சாரையாகப் போகும் எறும்புகள் காலில் ஏறினால் விடாது.

தடம் பார்ப்பவர்கள் விடியலிலேயே முதல் நாள் இரவு கொரில்லாக்கள் படுத்த இடத்துக்குப் போய், அங்கிருந்து தேடிக்கொண்டு போகிறார்கள். இரண்டரை மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு கைத்தடிகளையும் பைகளையும் கீழே வைக்கச் சொன்னார்கள். முகக்கவசம் அணிந்தோம். முதலில் வந்தது வாசனை, வியர்வையும் ஈரமண்ணும் கலந்தாற்போல. பிறகு இலைகளுக்கு நடுவே ஒரு கை. ஒரு தாய் கொடியை இழுத்துப் பட்டையைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியிலிருந்த குட்டி, உரித்த பட்டையைப் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டது. தாயின் விரல் நகங்கள் என் நகங்களைப் போலவே இருந்தன. அடியில் மண் படிந்து, ஒரு நகம் லேசாக உடைந்திருந்தது. வெள்ளிமுதுகு ஆண் சற்றுத் தள்ளிப் புரண்டு படுத்து, கொட்டாவி விட்டான். மகள் கேமராவை எடுக்கவே இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வழிகாட்டி கைக்கடிகாரத்தைக் காட்டியபோது பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்று தோன்றியது. ஒரு மணி நேரம் முடிந்திருந்தது.

திரும்பும்போது மும்பை விமான நிலையத்தில் மஞ்சள் அட்டையைக் கேட்டார்கள். அது இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வருபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. பெட்டிக்குள் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். மகளின் அட்டையில் சேற்று விரல்தடம் ஒன்று பதிந்திருந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு எங்கே போய்வந்தீர்கள் என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள்.