துவைக்காத துணி

“எனக்கு ஒண்ணுமே தோணல சிஸ்டர். இது என் பிள்ளைன்னே மனசுல ஒட்ட மாட்டேங்குது.”

பிள்ளையைச் சூடாக வைக்கும் வார்மர் ஓரத்தில் நின்றபடி அந்தப் பெண் இதைச் சொன்னபோது இரவு பதினொன்றரை மணி. பிள்ளை பிறந்து நாலு நாள். எடை 1,180 கிராம். மூக்கில் மூச்சுக்கு உதவும் சிபாப் குழாய், வாயில் பால் குழாய், பாதத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னச் சிவப்பு விளக்கு. அவளுக்கு வயது 21. மாமியாரிடமும் கணவனிடமும் பெற்ற அம்மாவிடமும் சொல்ல முடியாததை, ஆளில்லாத நேரம் பார்த்து என்னிடம் சொன்னாள். சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலும் ஒருத்தி இதையே சொன்னாள். “பெத்தவ பேசுற பேச்சா இது?” என்று அவளைக் கடிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவள் உள்ளே வருவதையே குறைத்துக்கொண்டாள். பால் வேளைக்கு வருவாள், பீய்ச்சிய பாலைக் கொடுப்பாள், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அந்தக் குனிந்த தலை இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை. பாசம் பிள்ளையோடு சேர்ந்தே பிறந்துவிடும், பிறக்கவில்லை என்றால் தாயிடம்தான் ஏதோ கோளாறு என்று நான் நம்பியிருந்த காலம் அது.

இந்த முறை, “தோணாட்டிப் பரவாயில்லம்மா. காலைல ரவுண்ட்ஸ் முடியட்டும். பிள்ளைய உன் நெஞ்சுல வைக்கிறேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம், சாஞ்சு உக்காந்தாப் போதும்” என்றேன்.

முன்பக்கம் திறக்கிற நைட்டி, ஒரு சாய்வு நாற்காலி. பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர், மற்றபடி வெற்றுடம்பு. இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, கைகாலைத் தவளை மாதிரி மடக்கி, தலையை ஒருபக்கம் திருப்பி, மூச்சு தடைப்படாதபடி முகவாயைக் கொஞ்சம் உயர்த்தி, மேலே துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டி முடித்தபோது அவள் இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்திருந்தாள். தொட்டால் உடைந்துவிடும் என்ற பயம். கண் முழுக்க மானிட்டர் மேல். நான் மானிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். “அத நான் பாத்துக்கிறேன், நீ பிள்ளையப் பாரு.”

வைக்கும்போது 168 இருந்த இதயத்துடிப்பு அரைமணி நேரத்தில் 144க்கு இறங்கியது. முஷ்டியாக மூடியிருந்த பிள்ளையின் கை மெல்ல விரிந்து, தீக்குச்சி போன்ற விரல்கள் அவள் தோலில் பரவின. அந்தரத்தில் இருந்த அவள் கைகளில் ஒன்று தானாக இறங்கிப் பிள்ளையின் முதுகில் படிந்தது.

அந்தக் கை ஏன் இறங்கியது என்பதைத்தான் இத்தனை வருஷமாக வாசித்தும் கேட்டும் தெரிந்துகொண்டு வருகிறேன்.

நம் தோலில், ரோமம் உள்ள பகுதிகளில், மெல்லிய நரம்பிழைகளில் ஒரு வகை உண்டு. குத்து, எரிச்சல் பற்றி அவை செய்தி சொல்வதில்லை. உடல் சூடுள்ள ஒரு கை விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால் நன்றாக விழித்துக்கொள்ளும். அதைவிட வேகமாகத் தடவினால் அடங்கிவிடும். தூளியில் கிடக்கும் பிள்ளையை நம் வீட்டுப் பெண்கள் தடவிக்கொடுக்கும் வேகம் ஏறக்குறைய அதுதான். யாரும் அளந்து சொல்லிக்கொடுக்கவில்லை. (குறைமாதப் பிள்ளைக்கு மட்டும் நாங்கள் தடவச் சொல்வதில்லை. அந்தத் தோல் அதைத் தாங்காது. தலையிலும் காலடியிலும் கையைக் கிண்ணம் மாதிரி குவித்து அசையாமல் வைத்திருந்தால் போதும்.)

அந்தத் தொடுகை தாயின் மூளைக்குள் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. எங்களுக்கு அது அன்றாடச் சொல். பிரசவ அறை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி குளிரில் அதன் குப்பிகள் அடுக்கியிருக்கும். குழந்தை வெளியே வந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்கத் தாயின் தொடையில் 10 யூனிட் போடுவோம். ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் பொருள். கருப்பையைச் சுருங்கவைக்கும் அதன் வேலையை ஹென்றி டேல் 1906இல் கண்டார்; அதைச் செயற்கையாகச் செய்துகாட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இப்போது பத்திரிகைகள் அதை ‘அன்பு ஹார்மோன்’ என்று எழுதுகின்றன. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. குப்பியில் இருப்பதும் மூளை சுரப்பதும் ஒரே பொருள்தான். ஆனால் தொடையில் போடும் ஊசியிலிருந்து மூளைக்குள் போவது மிகச் சொற்பம். ஊசி போட்டுப் பாசம் வருமென்றால் எங்கள் வார்டில் எந்தத் தாயும் நடுராத்திரியில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரி வோல் என்று ஒரு எலி வகை இருக்கிறது. ஒருமுறை ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் அந்தத் துணையோடேயே குடும்பம் நடத்தும். ஆக்ஸிடோசின்தான் அந்தப் பிணைப்பைக் கட்டுகிறது என்று பல வருஷ ஆய்வுகள் சொல்லிவந்தன. 2023இல் ஆக்ஸிடோசினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியே இல்லாதபடி மரபணுவைத் திருத்திப் பிறக்க வைத்த எலிகளும் ஜோடி சேர்ந்தன. அந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதல். இவ்வளவு முக்கியமான காரியத்தை உடம்பு ஒரே ஒரு பொருளை நம்பி விட்டுவைக்கவில்லை. மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமைன் இருக்கிறது, உடம்பே சுரக்கும் வலிநீக்கிகள் இருக்கின்றன. மணம், குரல், சூடு எல்லாம் சேர்கின்றன. ஒரு வழி அடைபட்டாலும் இன்னொன்று திறக்கும்.

எங்கள் ஊரில் இதைக் கன்று காலிகளிடம் கண்டவர்கள் உண்டு. என் தாத்தா வீட்டில் ஒரு பசு கன்று ஈன்று மூன்றாம் நாள் கன்று செத்துப்போனது. பசு பாலை இறக்கவில்லை. மடி கல்லாகக் கட்டிவிட்டது. தாத்தா கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்து, பசுவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அது முகர்ந்தது, நக்கியது, கொஞ்ச நேரத்தில் காம்பில் பால் கசிந்தது. சிறுமியான எனக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டு அழுதேன். நர்சிங் படிக்கும்போதுதான், தாய்க்கும் பால் இறங்க ஆக்ஸிடோசின் வேண்டும், பிள்ளையின் மணமும் அழுகுரலும்கூட அதைக் கிளப்பிவிடும், பயமும் வலியும் அதை அடைத்துவிடும் என்று தெரிந்தது.

அடைப்பதை நான் தினமும் பார்க்கிறேன். பீய்ச்சும் அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒருவேளைக்கு ஐந்து மில்லி கூட வராது. கதவுக்கு வெளியே, “எங்க வம்சத்துல ஒருத்தரும் இப்படி எலிக்குஞ்சு மாதிரி பெத்ததில்ல” என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் குரலை முதலில் அனுப்பிவைப்போம். “பெரியம்மா, போய்க் காப்பி குடிச்சிட்டு வாங்க.” பிறகு பிள்ளைக்குப் போர்த்தியிருந்த துணியை எடுத்து வந்து தாயின் மடியில் போடுவோம். சிலர் அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த வேளை பன்னிரண்டு மில்லி வரும். பாலாடையில் அது தளதளவென்று நிற்பதைப் பார்த்தால் எங்களுக்கே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

என் உடம்பிலும் நடந்தது. என் மகள் பிறந்தபோது எங்களுக்கு மகப்பேறு விடுப்பு 90 நாள்தான். இப்போதைய ஓராண்டு விடுப்பு அன்று கனவு. மூன்று மாதப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு டியூட்டிக்கு வந்தேன். ஏதோ ஒரு பிள்ளை பசிக்கு அழுதது. என் யூனிஃபார்ம் நனைந்துவிட்டது. இருபது கிலோமீட்டர் தள்ளி என் மகள் எந்தப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தாளோ என்று நினைத்தபடி, நனைந்த துணியோடு, அழுத அந்தப் பிள்ளைக்குப் பாலாடையால் புகட்டினேன்.

அன்றெல்லாம் எங்கள் பிரிவில் தாய்மார்களுக்கு உள்ளே இடம் கிடையாது. தொற்று வரும் என்று கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினோம். அதை நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதற்கும் முன்பே, 1978இல், கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் இன்குபேட்டர் போதாத நிலையில் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சிலேயே வைக்கத் தொடங்கியிருந்தார். கங்காரு முறை என்று நாங்கள் சொல்வது அங்கே பிறந்ததுதான். இன்குபேட்டர் இல்லாத ஏழைக்கு மாற்று என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். 2021இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் 3,211 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. நிலைமை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனே நெஞ்சில் வைத்த பிள்ளைகளில் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7 சதவீதம். இந்தியாவில் அது நடந்த இடம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. அந்த எண்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1972இல் கிளாஸ், கெனல் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 28 தாய்மாரைக் கொண்டு செய்த ஆய்வில், முதல் மூன்று நாளில் பிள்ளையோடு 16 மணி நேரம் கூடுதலாக இருந்த தாய்கள் பிறகு பிள்ளையிடம் அதிக நெருக்கம் காட்டினார்கள் என்று கண்டார்கள். பிரசவ அறைகளின் கதவைத் திறந்துவிட்ட நல்ல ஆய்வு. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, முதல் சில மணி நேரத்தைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. ஆட்டுக்கு அது ஓரளவு பொருந்தும்; ஈன்ற சில மணி நேரத்துக்குள் குட்டியின் மணம் பிடிபடாவிட்டால் தாயாடு முட்டித் தள்ளும். மனுஷிக்கு அப்படிக் கதவு சாத்திக்கொள்வதில்லை. ஐ.சி.யூவில் பத்து நாள் நினைவில்லாமல் கிடந்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பத்தாம் நாளிலிருந்து தொடங்கியது, அவ்வளவுதான்.

அப்பாக்களுக்கும் தொடங்கும். அந்த 21 வயதுப் பெண்ணுக்கு ஒருநாள் காய்ச்சல். கணவனைக் கூப்பிட்டேன். லோடு வண்டி ஓட்டுகிற பையன். பத்துப் பெண்கள் இருக்கும் இடத்தில் சட்டையைக் கழற்றக் கூசினான். ஸ்கிரீன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆடாமல் உட்கார்ந்திருந்தான், போனை எடுக்கவில்லை. “இது மூச்சு விடுறது எனக்குள்ள கேக்குது சிஸ்டர்” என்றான். பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2011இல் வந்தது. தகப்பனானதும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்குகிறது. தினம் மூன்று மணி நேரமாவது பிள்ளையைக் கவனிப்பவர்களிடம் இன்னும் குறைவு. தூக்கத் தூக்கத்தான் ஆணின் உடம்பும் அப்பாவாகிறது. அடுத்த நாளும் அவனாகவே வந்து நின்றான்.

அவளுக்குப் பதினோராம் நாள். காரிடாரில் சோற்றுத் தூக்கோடு வந்துகொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். உள்ளே ஐந்தாறு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. “சிஸ்டர், அது அவன்” என்றாள். நைட்டி இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. நான்காம் நாள் ராத்திரியில் சொன்னதைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

தாய் இல்லாத பிள்ளைகளும் எங்களிடம் வரும். யாரோ விட்டுப்போன ஒரு பெண்குழந்தை எங்களோடு ஏழு வாரம் இருந்தாள். பால் குறையில்லை, சூடு குறையில்லை, ஊசி மருந்து எதுவும் தவறவில்லை. நான்காம் வாரம் அவள் அழுவதை நிறுத்தினாள். ‘சமத்து’ என்று புதுப்பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்த பிறகு வெளியுலகம் கண்ட அனாதை இல்லங்களைப் பற்றி வாசித்தபோது என்னை மிகவும் உலுக்கியது, வரிசையாகத் தொட்டில்கள் இருந்தும் அந்த அறைகள் அமைதியாகக் கிடந்தன என்பதுதான். அழுதால் யாரும் வருவதில்லை என்று கண்டுகொண்ட பிள்ளைகள். பின்னாளில் அந்த நாட்டின் தலைநகர் புக்கரெஸ்டில், அப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த 136 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து வருஷக்கணக்கில் கவனித்தார்கள். இரண்டு வயதுக்கு முன்பே ஒரு மடி கிடைத்தவர்கள் அதிகம் தேறினார்கள்.

எங்களிடம் அவளை ஷிஃப்டுக்கு ஒருவர், கை ஒழிந்தவர் என்று தூக்கிக்கொண்டிருந்தோம். ஆளாளுக்கு ஒரு மணம், ஒரு குரல். அன்றே மூன்று பேராகப் பிரித்துக்கொண்டோம். காலைக்கு ஒருத்தி, மதியத்துக்கு ஒருத்தி, இரவுக்கு நான். பால் புகட்டுவதும் துணி மாற்றுவதும் நெஞ்சில் வைப்பதும் அந்த மூன்று பேர் மட்டும். ஒன்பதாம் நாள் இரவு, வேறொரு பிள்ளைக்கு நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். மூலைத் தொட்டிலிலிருந்து அழுகை. வேலையை முடித்துவிட்டு வருவதற்குள் உரத்துவிட்டது. என் குரல் கேட்டதும் அடங்கித் தலையைத் திருப்பினாள்.

ஏழாம் வாரம் தத்து மையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். காகிதங்களில் கையெழுத்துப் போட்டோம். காலை ஷிஃப்ட் சிஸ்டர் விடுப்பு நாளிலும் வந்திருந்தார். அவள் எந்த நேரத்துக்குப் பால் குடிப்பாள், எந்தப் பக்கம் சாய்த்தால் ஏப்பம் வரும் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். கிளம்பும்போது அந்த அம்மா புதுப் போர்வை ஒன்றை எடுத்தார். “அது மேல இருக்கட்டும், உள்ள இதச் சுத்துங்க. ரெண்டு நாளைக்குத் துவைக்காதீங்க” என்று, நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி நெஞ்சில் போட்டிருந்த பழைய பருத்தித் துணியைக் கொடுத்தேன்.