என்எம்எம்எஸ் கணக்கு: ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்பதை முதலில் மறக்கச் செய்யுங்கள்

தம்பிக்கு என்எம்எம்எஸ் (எட்டாம் வகுப்பில் தேர்வு எழுதிப் பெறும் மத்திய அரசின் படிப்பு உதவித்தொகை) கிடைத்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். எங்கள் வீட்டில் அது பெரிய தொகை. அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா என்ற முறையில், அடுத்து எழுதப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தேர்வில் இரண்டு தாள். மனத்திறனைச் சோதிக்கும் மேட் தாளைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது பாடக் கேள்விகள் வரும் சாட் தாளில் கணக்குக்கு உள்ள 20 மதிப்பெண் பற்றி. அதிலும் ஒருபடிச் சமன்பாடு, அசமன்பாடு (சமக்குறிக்குப் பதில் ≤, ≥ போன்ற குறி வருவது). ‘இது ஏழாம் வகுப்புக் கணக்குதானே’ என்று எல்லோரும் தாண்டிப் போகிற இடம்.

தம்பி போன டியூஷனில் ஒரே மந்திரம்: ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.’ எக்ஸ் + 4 = 20 என்றால் பிரச்சினை இல்லை, 16 வந்துவிடும். ஆனால் 4எக்ஸ் = 20 கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும்? 4 அந்தப் பக்கம் போகிறது, குறி மாறி –4 ஆகிறது, அதால் 20-ஐ வகுத்தால் விடை –5. அவன் அப்படித்தான் போட்டான். சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தான், அவனை எப்படித் திட்டுவது? இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அதனால் அந்த வாக்கியத்துக்கே வீட்டில் தடை போட்டேன். எண் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். எக்ஸ் 4-ஆல் பெருக்கப்பட்டிருக்கிறதா? இரு பக்கத்தையும் 4-ஆல் வகு. அந்த வரியை முழுசாக எழுது. மனக்கணக்காகப் போடுவது பிறகு தானாக வரும்.

தப்பான விடைகளையும் கவனித்துப் பாருங்கள். எக்ஸ்/5 = –7 என்ற கணக்குக்கு –35, 35, –2, –12 என்று நான்கு விடைகள் இருந்தால், –2 என்பது 5-ஐக் கூட்டியவனுக்கு, –12 கழித்தவனுக்கு, 35 குறியை விட்டவனுக்கு. அவசரக்காரனின் விடையும் அங்கே இருக்கும் என்பதால், ‘என் விடை ஆப்ஷனில் இருக்கிறது’ என்று நிம்மதி அடைய வேண்டாம். கேள்வியில் போட்டுப் பாருங்கள்: –35/5 = –7. சரி.

அசமன்பாட்டில் மந்திரம் இன்னும் மோசமாகக் கவிழ்க்கும். –3எக்ஸ் ≤ 12. இங்கே –3-ஆல் வகுக்கும்போது ≤ என்பது ≥ ஆகத் திரும்ப வேண்டும். விடை எக்ஸ் ≥ –4. ஏன் திரும்புகிறது? 2 < 5. இரண்டையும் –1-ஆல் பெருக்கினால் –2, –5. எண்கோட்டில் –2 வலப்பக்கம் நிற்கிறது, அதாவது –2 > –5. இதை எண்கோடு வரைந்து காட்டாமல் மனப்பாடம் செய்ய வைத்தால், எக்ஸ் – 3 ≤ 12 என்பதிலும் பிள்ளை குறியைத் திருப்பும். கழித்தல் குறி கண்ணில் பட்டாலே திருப்புவது எட்டாம் வகுப்பில் சாதாரணமாகப் பார்க்கிற விஷயம்.

சந்தேகம் வந்தால் பூஜ்ஜியத்தைப் போடச் சொன்னேன். –3 × 0 = 0, அது 12-ஐவிடச் சிறியது, ஆக விடையில் 0 இருந்தே தீர வேண்டும். எக்ஸ் ≤ –4 என்ற ஆப்ஷனில் 0 இல்லை, அடித்துவிடு. தம்பிக்கு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தது இந்தப் பூஜ்ஜியம்தான் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் சில:

- எக்ஸ் + 3 ≤ 7-க்கு எத்தனை தீர்வு? இயல் எண் (1-லிருந்து) என்றால் 4, முழு எண் (0-விலிருந்து) என்றால் 5, முழுக்கள் (குறை எண்களும் சேர்த்து) என்றால் எண்ணற்றவை. கேள்வியின் கடைசிச் சொல்லை அடிக்கோடிடுங்கள்.
- < என்றால் எல்லை எண் சேராது, ≤ என்றால் சேரும்.
- சாட் தாளில் 90 நிமிடத்தில் 90 கேள்வி. இருந்தாலும் போட்டுப் பார்க்கும் பத்து வினாடியை மிச்சம் பிடிக்காதீர்கள்.
- தப்புக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஓஎம்ஆர் விடைத்தாளில் எதையும் காலியாக விடாதீர்கள்.
- தேர்வானபின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.