தூணடியில் தளர்ந்த கால்: பழைய மூன்று கால் மேசையைச் சீர்செய்த அனுபவம்

கால்களை எண்ணி நாற்காலி என்றும் முக்காலி என்றும் பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்த மூன்றாம் எண்ணிக்கைக்குள் எவ்வளவு நுட்பம் அடங்கியிருக்கிறது என்பதைக் கடந்த ஐந்து மாதங்களாக ஒரு பழைய மேசையைப் பழுதுபார்க்கும்போதுதான் நான் அறிந்துகொண்டேன். மகோகனி மரத்தாலான அந்த மேசைக்கு நடுவில் கடைசல் பிடித்த ஒற்றைத் தூணும், தூணின் அடியிலிருந்து வளைந்து இறங்கும் மூன்று கால்களும், நிமிர்த்தி நிறுத்தக்கூடிய வட்டப் பலகையும் உண்டு. என்னிடம் வந்தபோது ஒரு கால் ஆடியது. தூணின் அடியில் நெடுக்காக ஒரு பிளவு இருந்தது. பலகையின் விளிம்பிலிருந்து உள்நோக்கி 210 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியது.

இவ்வகை மேசை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேநீர் அருந்தும் வழக்கத்தோடு சேர்ந்து பரவியது. அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கான இறக்குமதி வரியை 1721இல் பிரிட்டன் நீக்கிய பிறகு மகோகனி பெருமளவில் அங்கு வந்து சேர்ந்தது. அந்த மரத்தில் மிக அகலமான பலகைகள் கிடைத்ததால், ஒட்டுப்போடாமல் ஒரே பலகையில் வட்ட மேசைமுகம் வெட்ட முடிந்தது. என் மேசையின் முகமும் ஒற்றைப் பலகைதான்.

கருவிகளைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரங்கள் பார்ப்பதிலும் அளப்பதிலுமே சென்றன. பலகையின் விட்டம் நாரோட்டத்தின் (மரத்தின் நார்கள் ஓடும் திசையின்) வழியே 747 மில்லிமீட்டராகவும், அதற்குக் குறுக்கே 738 மில்லிமீட்டராகவும் இருந்தது. மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். ஆகவே வட்டமாக வெட்டிய பழைய பலகை காலப்போக்கில் சற்றே நீள்வட்டமாகிவிடுகிறது. ஒரு மேசையின் முகத்தை இன்னொரு மேசையின் அடிப்பாகத்தோடு பிற்காலத்தில் சேர்த்துவிடுவது உண்டு என்பதால் பலகையின் அடிப்பக்கத்தையும் கவனமாகப் பார்த்தேன். தூணின் உச்சியிலுள்ள சதுரக் கட்டை பலகையைத் தொடும் இடத்தில் மரம் நிறம் மாறாமல், கட்டையின் அளவுக்குச் சரியாக ஒரு சதுரத் தடம் இருந்தது. அடிச் சட்டங்களைப் பிடித்திருந்த திருகாணிகள் மொட்டை முனை கொண்டவை. அவற்றின் தலைவெட்டும், கையால் வெட்டியதுபோல், நடுவிலிருந்து விலகியிருந்தது. கூர்முனைத் திருகாணிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே பரவின. இந்த மூன்று தடயங்களும் ஒத்துப்போனதால், முகமும் அடியும் ஒன்றாகவே பிறந்தவை என்ற முடிவுக்கு வந்தேன்.

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால், தரை எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் மூன்று கால் மேசை ஆடாது. ஆனால் ஆடாமல் இருப்பதும் கவிழாமல் இருப்பதும் வேறு வேறு. பாதங்களை இணைக்கும் முக்கோணத்தின் ஓரம், மையத்திலிருந்து பாதம் இருக்கும் தொலைவில் சரிபாதியில் அமைகிறது. நான்கு கால்களாக இருந்தால் அது ஏறத்தாழ 70 விழுக்காட்டுத் தொலைவில் அமையும். என் மேசையில் பாதங்கள் மையத்திலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி உள்ளன. ஆகவே கவிழும் கோடு 150 மில்லிமீட்டரிலேயே வந்துவிடுகிறது, பலகையின் விளிம்போ 370க்கும் அப்பால் நிற்கிறது. மேசையின் எடை 9 கிலோ. கணக்கிட்டால், இரண்டு கால்களுக்கு நடுவே விளிம்பில் ஏறத்தாழ 6 கிலோ அழுத்தம் விழுந்தாலே மேசை சாயத் தொடங்கும். இதை அறிந்த பிறகு அதன் விளிம்பில் நான் கையூன்றுவதே இல்லை.

இதைவிட முக்கியமானது, சுமை எங்கே போய்ச் சேர்கிறது என்பது. பழைய கிரேக்க, உரோம வெண்கல முக்காலிகளில் கால்கள் தரையிலிருந்து உச்சிவரை நெட்டாக எழுந்து, வளையங்களாலும் குறுக்குக் கம்பிகளாலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பின்பற்றி 1770களில் பிரான்சில் விரும்பப்பட்ட அத்தேனியன் என்னும் அலங்கார முக்காலியும் அப்படிப்பட்டதே. தூண் வைத்த மேசையில் அத்தகைய பிணைப்பு ஏதும் இல்லை. தரை பாதத்தை மேல்நோக்கித் தள்ளும்போது, காலின் மேல்முனை தூணை அழுத்துகிறது. கீழ்முனை தூணைவிட்டு வெளியே விலகப் பார்க்கிறது. அந்த விலகலைத் தடுப்பது, காலின் முனையில் செதுக்கிய புறாவால் கழுந்து, அதாவது பள்ளத்துக்குள் செருகும், புறாவின் வால்போல் விரிந்த நாக்கு ஒன்றுதான். அது தூணின் அடியிலிருந்து மேல்நோக்கிச் செருகப்படுவதால் அதற்கான பள்ளம் கீழே திறந்தே இருக்கிறது. பள்ளத்தின் உதடுகள் பிளந்துகொள்வதும் அதே கீழ்ப்பக்கத்தில்தான். இதனால்தான் தூணின் அடியில் மூன்று கைகள் கொண்ட இரும்புத் தகட்டை வைத்து, ஒவ்வொரு காலின் அடியிலும் ஆணியிட்டுப் பிணைத்தார்கள். என் மேசையில் தகட்டின் ஒரு கை முறிந்திருந்தது. தளர்ந்ததும் அந்தக் கையின் கால்தான்.

எனக்கு முன் பழுதுபார்த்த ஒருவர், காலின் வளைவு வழியாகத் தூணுக்குள் இரண்டு கம்பி ஆணிகளை அடித்திருந்தார். ஆணி மரத்தை அசையவிடாமல் பிடிப்பதால், அடுத்த அதிர்ச்சியில் இணைப்பு விலகுவதற்குப் பதிலாக மரமே பிளக்கிறது. தூணின் பிளவு துல்லியமாக அந்த ஆணிகளின் வரிசையில்தான் ஓடியது. மெல்லிய இரும்புக் குழாயின் வாயில் பற்கள் அராவி, ஆணியைச் சுற்றி மரத்தை வட்டமாக வெட்டி அவற்றை எடுத்தேன். பிறகு வெந்நீரில் நனைத்த துணியை இணைப்பின் மீது சுற்றி வைத்து, விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய வச்சிரப் பசை இளகியதும் காலைக் கீழ்நோக்கித் தட்டிக் கழற்றினேன்.

புதிய பசையாகவும் வச்சிரத்தையே தேர்ந்தெடுத்தேன். வில்லைகளை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் சூடாக்கினேன். கொதித்துவிட்டால் அதன் வலிமை குறைந்துவிடும். தூணின் பிளவுக்குள் பசையை ஏற்றி, மிதிவண்டி டியூப்பை இறுகச் சுற்றி இரண்டு நாள் விட்டபோது பிளவு முழுமையாக மூடிக்கொண்டது. காலில்தான் தவறு செய்தேன். தேய்ந்த கழுந்தின் இருபுறமும் மகோகனிச் சீவலை ஒட்டித் தடிமன் கூட்டியவன், பசையில்லாமல் செருகிப் பார்த்தபோது கடைசி மில்லிமீட்டர்வரை தட்டிப் பார்க்கவில்லை. பசை பூசிச் செருகியதும் கால் 8 மில்லிமீட்டர் மிச்சமிருக்க நின்றுவிட்டது. பசை குளிர்ந்து கூழாகிக்கொண்டிருந்ததால் மேலும் அடிக்கத் துணியவில்லை. மீண்டும் வெந்நீர்த் துணியைச் சுற்றி, அரைமணி நேரத்தில் காலை மரச்சேதம் இன்றி வெளியே எடுத்தேன். செயற்கைப் பிசின் இட்டிருந்தால் உளியால் வெட்டித்தான் எடுத்திருக்க முடியும். மீட்டெடுக்கக் கூடிய பசையின் அருமை எனக்கு அன்று முழுமையாக விளங்கியது. சீவல்களை இழைத்து மெலித்து இரண்டாம் முறை செருகியபோது கால் தோள்வரை சென்று அமர்ந்தது. வளைந்த காலில் கிளாம்ப் வழுக்கும் என்பதால், அதே வளைவுக்கு ஒரு துண்டு மரத்தை அறுத்து, உட்புறம் தோல் ஒட்டி, தாங்கலாக வைத்து இறுக்கினேன். முறிந்த தகட்டுக் கையின் இடத்தில், பழைய துளைகளிலேயே பொருந்தும்படி மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றை அடித்து வளைத்துப் பொருத்தினேன்.

பலகையின் விரிசலுக்குக் காரணம் அடியில் குறுக்கே ஓடும் இரண்டு சட்டங்கள். நாரோட்டத்துக்குக் குறுக்கே இறுகத் திருகப்பட்ட சட்டம் சுருங்குவதில்லை, பலகை சுருங்க முயல்கிறது, முடியாதபோது கிழிகிறது. விரிசலில் மரத்தூளும் பசையும் அடைப்பது எளிது, ஆனால் காரணம் அப்படியே இருக்கும். நீண்ட தயக்கத்துக்குப் பிறகு, சட்டங்களில் நடுத் துளையை விட்டுவிட்டு ஓரத் துளைகளை மட்டும் வட்ட அரத்தால் சற்றே நீளமாக்கினேன். பழம்பொருளின் மரத்தைத் தொடக்கூடாது என்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. எனினும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் 3 மில்லிமீட்டர் மரத்தை இழந்து, முகப்பலகையைக் காப்பதே சரி என்று கருதுகிறேன். சட்டங்களின் பிடி விட்டதும் விரிசல் பெரும்பாலும் தானாகவே நெருங்கியது. மிதமாக இறுக்கியே ஒட்ட முடிந்தது.

மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்க்கவில்லை. ஈரம் பிழிந்த துணியால் அழுக்கை மட்டும் நீக்கி, ஆல்கஹாலில் கரைத்த அரக்கைப் பஞ்சுத் துணி உருண்டையால் தேய்ந்த இடங்களில் மெல்லியதாக ஆறு முறை ஏற்றினேன். பழைய நிறம் அப்படியே இருக்கிறது.

ஒட்டிய நாளிலேயே விரிசல் இருந்த கோட்டின் இருபுறமும், பலகையின் அடிப்பக்கத்தில், சரியாக 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பென்சில் கோடுகள் இட்டு வைத்தேன். பன்னிரண்டு வாரங்களாக ஞாயிறுதோறும் அளந்து வருகிறேன். இன்று காலையும் இடைவெளி 20 மில்லிமீட்டராகவே இருந்தது. ஓராண்டின் ஈரக் காலமும் வறண்ட காலமும் கடக்கும்வரை இந்த அளவீட்டைத் தொடர்வேன்.